அவரிடமே போய்ச் சொல்

அன்பு மகன் தானியேலுக்கு,

கெலமங்கலத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தவன், புது வருஷ ஆராதனைக்குக்கூட இருக்காமல் எஸ்தரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். நீ போனதிலிருந்து வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. என் மனசுதான் அமைதியாக இல்லை. பண்டிகை அன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒன்று சொன்னாயே, அது காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "ஊர்ல எத்தனையோ திருடன் முழுக் கையோட திரியறான். ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போனவன் விரல்தான் ஆண்டவருக்குக் கேட்டுச்சா?" என்றாய். உன் சித்தப்பா மகன் சிரித்தான். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சோறு குழைந்துவிட்டது என்றாய், குழந்தை ஏன் இப்படி அழுகிறது என்றாய், பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்றாய். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னாய்.

உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை. பாக்டரியில் பிரஸ் மெஷின் உன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. மெஷின் ஓட்டின கை, இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறது. வலிக்கிறது என்று சொல்வது பாவம் என்று எந்த வேதத்திலும் இல்லை. நான் பயந்தது உன் வலியைக் கண்டு அல்ல, உன் குரலைக் கேட்டு. அந்தக் குரலை இதே வீட்டில், இதே இடத்தில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். அப்போது அது உன் அப்பாவின் குரல். நீ கிருஷ்ணகிரி ஹாஸ்டலிலும், பிறகு பெங்களூரில் டிரெயினிங்கிலும் இருந்தாய். லீவுக்கு வந்து போனபோது கொஞ்சம் பார்த்திருப்பாய், முழுசாக உனக்குத் தெரியாது. எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. நானே சொன்னா பாதியில நிறுத்திடுவன். மறைக்காம எழுது" என்றார். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் ஊர் வழியாக ரயில் பாதை போட்டார்களே, அப்போது அப்பா அதில் கொத்தனார் மேஸ்திரியாக இருந்தார் என்று உனக்குத் தெரியும். ராயக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் போவதற்கு எத்தனையோ சின்னப் பாலங்களை அவர் கையால் கட்டினார். அவர் கீழே வேலை செய்தவர்களில் தெலுங்குக்காரர்கள் உண்டு, கன்னடக்காரர்கள் உண்டு, நம்மவர்களும் உண்டு. எல்லோரோடும் அவரவர் பாஷையில் பேசுவார். வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் ஒரு நாள் அப்பாவின் தோளில் கையைப் போட்டு, பாதை முடிந்ததும் உன்னை நிரந்தர வேலையில் சேர்த்துவிடுவது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஜெபம். காலையிலும் சாயங்காலமும் அதற்காக முழங்கால் போட்டோம். அப்பா உபவாசம்கூட இருந்தார். இந்த வேலை கிடைத்தால் உன்னை மேலே படிக்க வைக்கலாம் என்று ஆசை.

பாதை வேலை முடிவதற்கு முன்பே அந்த காண்ட்ராக்டர் வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு அப்பா யார் என்றே தெரியவில்லை. ஒரு சாயங்காலம் எல்லோரையும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அப்பா கொத்து வேலைக்கான ரசமட்டத்தையும் கரணையையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து மூலையில் வைத்தார். அன்று அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு, வெந்நீர் மாதிரி இருக்கு" என்றார். நானும் சரி என்று இன்னும் கொஞ்சம் தூள் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். அது எதற்கு ஆரம்பம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மழை சரியாக இல்லை. கிணறுகள் வற்றின, அரிசி கிடைக்கவில்லை, கேழ்வரகுக்கே அலைய வேண்டியிருந்தது. குறை சொல்வதற்கு யாருக்கும் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவர்கள் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அப்பாவுக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஆட்சி மாறியது, இவர்களும் அதே ஆட்கள்தான் என்றார். மழை ஒரு நாள் பெய்தது. பெய்ய வேண்டியபோது பெய்யாமல் இப்போது எதற்கு என்றார். என் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எனக்குத் தக்காளி கொண்டுவந்து கொடுத்தது. அதில் புழு இருக்கும் என்றார். அவர் பேச்சில் ஒரு ருசி இருந்தது, தானியேல். அதை நீ ஒப்புக்கொள்வாய். மூன்று பாஷையிலும் குத்திக் காட்டத் தெரியும். சபையைச் சேர்ந்த ஆண்கள் சாயங்காலம் நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர் சொல்லச் சொல்லச் சிரித்தார்கள். தங்கள் மனசில் இருந்ததைத்தான் இவர் சொல்கிறார் என்று அவர்களுக்கு ஒரு ஆறுதல். வரும்போது கஷ்டத்தோடு வந்தவர்கள், போகும்போது கசப்போடு போனார்கள்.

ஒன்றை நீ கவனிக்க வேண்டும். அப்பா ஒரு நாளும் கடவுள் இல்லை என்று சொன்னதில்லை. சர்ச்சுக்குப் போனார், பாட்டுப் பாடினார், சாப்பிடும் முன் ஜெபம் சொன்னார். அவிசுவாசம் என்றால் கடவுள் இல்லை என்று சொல்வதுதான் என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். வேதத்தில், அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டு வனாந்தரத்தில் நடந்த அந்த ஜனங்களை நினைத்துப் பார். தினமும் காலையில் கர்த்தர் வானத்திலிருந்து கொடுத்த மன்னாவைத்தான் பொறுக்கிச் சாப்பிட்டார்கள். பகலில் மேகமும் இரவில் நெருப்பும் வழிகாட்டக் கண் முன்னால் நின்றன. அவர் இருக்கிறார் என்பதில் அவர்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர் தங்களுக்கு நல்லது நினைப்பவர் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. நம்மைச் சாகடிக்கத்தான் இங்கே கூட்டிவந்தார் என்று கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். உன் அப்பாவுக்கும் அதுதான் ஆனது. கர்த்தர் இருக்கிறார், ஆனால் என் பக்கம் இல்லை என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவுக்கு வந்த மனுஷனுக்கு, அதன் பிறகு வரும் நல்லதுகூட நல்லதாகத் தெரிவதில்லை.

நம் சபையை நடத்தி வந்த உபதேசியார் மாசிலாமணியை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒல்லியான மனுஷர், வருஷம் முழுக்க ஒரே கம்பளிச் சால்வை. இழுப்பு நோய் இருந்ததால் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். பேச்சு அவருக்கு வராது; வீடு வீடாகப் போவதுதான் வரும். பஞ்ச காலத்தில் தன் பங்கு கேழ்வரகு மாவைப் பாதி பிரித்து யாருக்காவது கொடுத்துவிட்டு வந்து நிற்பார் என்று அவர் மனைவி ரூத்தம்மா சொல்வாள். அப்பாவின் வாய் கடைசியில் அவரிடம் போய் நின்றது. ஜெபம் பண்ணுங்கள், கர்த்தர் கொடுப்பார் என்று அவர்தானே சொன்னார் என்று ஆரம்பித்தது. பிறகு அவருக்குப் பேசத் தெரியவில்லை, மூச்சு விடவே தெரியாதவரை எதற்கு நமக்கு அனுப்பினார்கள் என்று வளர்ந்தது. அவர் பிரசங்கத்தின் நடுவில் மூச்சு வாங்குவதை அப்பா அப்படியே நடித்துக் காட்டுவார். லீவுக்கு வந்திருந்த நீயும் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அந்த வயசில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்.

அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு காரியம் பிறந்தது. சபையின் ஆண்கள் நாலைந்து பேர் அப்பாவின் தலைமையில் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிப் போய் பாஸ்டர் ஐயாவைப் பார்த்தார்கள். இந்த உபதேசியாரால் சபை வளரவில்லை, இவரை மாற்றுங்கள் என்று கேட்டார்கள். ஐயா யோசித்துப் பார்க்கிறேன் என்றார். கொஞ்ச நாளில் மாசிலாமணியைத் தளிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பக்கத்துக் குளிர் உனக்குத் தெரியும், காலையில் வெயில் ஏறும்வரை பனி கலையாது. இழுப்புக்காரரை அங்கேயா அனுப்புவது என்று நான் அப்பாவிடம் கேட்டேன். "அனுப்பினது நானா? ஐயாவைக் கேளு" என்றார். போகும் நாளில் மாசிலாமணி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். நம் வீட்டுக்கும் வந்தார். அப்பா தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டார். அவர் வாசலில் நின்றபடியே உன் பேரையும் சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார்.

அடுத்த மார்கழியில் அவர் இறந்துவிட்டார். பனியில் ஒரு வியாதிக்காரரைப் பார்க்கப் போய்த் திரும்பியவர், இழுப்பு கூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டார். ரூத்தம்மா அவரை நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாள். அவர்களுடைய மூத்த குழந்தையை இங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். ஊரே வந்தது. கன்னடக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், கோவிலுக்குப் போகிறவர்கள், எல்லோரும் வந்து நின்று அழுதார்கள். கிருஷ்ணகிரிக்குப் போன ஆண்களில் ஒருவர் மண்ணைப் போடும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. யாரோ தெரியாத ஒருவருக்கு மரியாதைக்கு வந்தது போல நின்றார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, "குழம்புல உப்பில்ல" என்றார்.

எத்தனையோ பிரசங்கத்தில் இருதயம் கடினப்படுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், தானியேல். அது ஏதோ கொலைகாரருக்கும் ராஜாக்களுக்கும் நடப்பது என்று நினைத்திருந்தேன். என் வீட்டில், நான் கட்டிக்கொண்ட நல்ல மனுஷருக்கு அது நடந்திருந்தது. சத்தமில்லாமல், ஒரு டம்ளர் டீயிலிருந்து ஆரம்பித்து. உன் அப்பா கெட்டவர் ஆகவில்லை. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. அவருக்கு வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை, அவ்வளவுதான். உப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பங்குனி மாசம் ரூத்தம்மா வந்தாள். அவள் தன் தம்பி வீட்டோடு ஓசூரில் இருந்தாள். அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் பாய் விரித்தேன், அவள் உட்காரவில்லை. நேராக அப்பாவைப் பார்த்து, "அண்ணா, அவருக்கு ஒரு கல்லறை கட்டணும். நீங்கதான் கட்டித் தரணும்" என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, ஓசூரில் நல்ல கொத்தனார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றார். இருக்கிறார்கள், தெரியும் என்றாள். பிறகு ஏன் என்று அப்பா கேட்டார்.

ரூத்தம்மா குரலை உயர்த்தவில்லை. "நீங்க அவரைப் பத்திப் பேசினது, நடிச்சுக் காட்டினது, கிருஷ்ணகிரிக்குப் போனது எல்லாம் அவருக்குத் தெரியும் அண்ணா. எனக்குத்தான் வயிறு எரியும். நான் உங்களைப் பத்திப் பேச வாயெடுத்தா, எங்கிட்ட வேணாம்னு எழுந்து போயிடுவார். உள்ள போய்க் கதவச் சாத்திக்குவார். உங்க பேரைச் சொல்லிக் கர்த்தர்கிட்ட சத்தம் போடுவார். 'நான் என்ன தப்பு செஞ்சேன், ஏன் இந்த மனுஷன என்மேல ஏவி விட்டீர்'னு கேப்பார். அழுவார். வெளிய வரும்போது முகம் தெளிஞ்சிருக்கும். அப்புறம் உங்களுக்காகவும் ஜெபம் பண்ணுவார். அவரு மனசுல உங்க மேல ஒண்ணும் மிச்சம் இல்லாமத்தான் போனார். என் மனசுல இருக்கு. அது போகணும்னுதான் உங்களைக் கூப்பிடறேன்."

அவள் போன பிறகும் அப்பா அதே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் மூலையில் கிடந்த கரணைச் சாக்கை அவிழ்த்தார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். நான் தூக்குப் பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வேலியைத் தாண்டுவதற்கு முன்பே அப்பாவின் குரல் கேட்டது. யாரோடோ சண்டை போடுகிறார் என்று நினைத்து ஓடினேன். அங்கே யாரும் இல்லை. பாதி எழும்பிய கல்லறைக்குப் பக்கத்தில், கையில் கரணையோடு வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஜெபத்தில் நாம் நீர், உமக்கு என்று சொல்வோமே, அதெல்லாம் இல்லை. நீ என்றே பேசினார். "நீ என்னை ஏமாத்திட்ட. முட்டி தேயத் தேயக் கேட்டேன், நீ வாய் தொறக்கல. அந்த வேலையக் கொடுத்திருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்? என் புள்ள படிச்சிருப்பான். இங்க படுத்திருக்கிற இவனை நான் துரத்தியிருக்க மாட்டேன். நான் இவன் மூச்ச வச்சு சிரிச்சேன், அப்பவும் நீ என்னை ஏன்னு கேக்கல. ஏன் கேக்கல? இப்ப நான் என்ன பண்றது?"

கர்த்தரிடம் இப்படிப் பேசலாமா என்று பயந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. இரண்டு வருஷமாக இந்த மனுஷர் கர்த்தரைப் பற்றி எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார். டீக்கடையில், சபையில், வீட்டில், மூன்று பாஷையில். அவரிடம் மட்டும் பேசவே இல்லை. சாப்பாட்டு ஜெபம் பேச்சில் சேராது. இன்றைக்குத்தான் முதல் முறையாக அவரைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல் பொருள் எழுதிப் போடுகிறவள். முறுமுறுப்பது ஒன்று, முறையிடுவது ஒன்று. காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கும். முறுமுறுப்பவன் முதுகுக்குப் பின்னால் பேசுகிறான். அவனுக்குப் பதில் வேண்டாம். முறையிடுபவன் சந்நிதானத்துக்கே போய் நிற்கிறான். கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் நியாயம் செய்வார் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்புகிறவன்தான் அப்படிப் போய் நிற்பான். சங்கீதங்களில் பாதி அப்படிப்பட்ட கதறல்தானே. அதை வேதத்தில் வைக்க அவருக்கு மனசு வந்திருக்கிறது.

அப்பா கடைசியில் கரணையைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதார். குழந்தை அழுவது போல மூக்கு ஒழுக அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். சட்டியில் குழைத்து வைத்த சாந்து இறுகிவிட்டது. அழுது முடித்தவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டார். பிறகு இறுகின சாந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் குழைத்தார். நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். வேலை முடிந்த பிறகு ஓசூருக்குப் போய் ரூத்தம்மாவிடம், நான்தான் அவரை அனுப்பினேன் என்று அவள் தம்பி முன்னால் சொன்னார். அவள் உடனே மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது நம் வீட்டில் சாப்பிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். நிரந்தர வேலை அவருக்குக் கிடைக்கவே இல்லை. கூலிக்குத்தான் கட்டுகிறார். அப்பாவின் பேச்சைக் கேட்டுச் சிரித்த வீடுகளில் இரண்டு வீட்டார் இன்னும் எந்த சபைக்கும் போவதில்லை. அப்பா அவர்கள் வாசலுக்குப் போய் நின்று பார்த்துவிட்டார்; "நீங்க சொன்னதுதானே" என்கிறார்கள். ஊதிவிட்ட வார்த்தையைத் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை என்பதுதான் அவருக்கு இன்றைக்கும் பெரிய வேதனை. சில நாள் அந்தப் பழைய குரல் வந்துவிடும். வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே நடந்து போய்விடுவார். ஒரு நாள் கேட்டேன், கர்த்தர் உங்களுக்குப் பதில் சொன்னாரா என்று. யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேலை ஏன் தரலன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு எனக்கு அழுகை வந்துச்சே. கல்லு தானா அழாது."

நீ பண்டிகை அன்று பேசியபோது அப்பா ஏன் எழுந்து போனார் என்று இப்போது உனக்குப் புரியும். உன்மேல் கோபம் இல்லை. தன்னையே பார்த்துவிட்டார். எஸ்தர் போகும் முன் என்னிடம் தனியாகச் சொன்னாள்: விரல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் அத்தை, அவர் சிரித்துச் சிரித்துப் பேசுகிறதைத்தான் தாங்க முடியவில்லை என்று. அவளை ஏன் சொன்னாய் என்று கேட்காதே. அவள் என்னிடம் முறுமுறுக்கவில்லை, உதவி கேட்டாள்.

சர்ச்சுக்குப் போ என்றோ, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடு என்றோ இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. அதற்கு நாள் இருக்கிறது. ஷிப்டு முடிந்து வரும்போது ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, கர்த்தரைப் பற்றி எங்களிடம் சொன்னதையெல்லாம் அவரிடமே போய்ச் சொல். திருடனுக்கு விரல் இருக்கிறதே என்று அவரிடமே கேள். அழகாக ஜெபிக்க வேண்டாம். நீ என்று வந்தாலும் வரட்டும், கன்னடத்தில் வந்தாலும் வரட்டும். அவர் முகத்தைப் பார்த்துக் கத்துகிறவனை அவர் தள்ளிவிட்டதாக நான் படித்ததில்லை.

நான் அமைதியானவள், எதையும் ஏற்றுக்கொள்கிறவள் என்று நீ நினைத்திருப்பாய். உன் கையை மெஷின் பிடித்த செய்தி வந்த நாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு உன் விரல்களுக்காக நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், தானியேல். மரியாதையாகப் போடவில்லை. இதுவரை தனியாகப் போடுகிறேன். நீயும் வந்து சேர்ந்துகொள்.

அம்மா